தர்சனாவின் முகம்

அனலைதீவு,
14.03.2025

அன்புள்ள மருமகன் சஞ்சீவனுக்கு,

தர்சனாவின் தாய் சுலோஜனா எழுதுவது. ஐயனார் கிருபையால் நீங்கள் சுவிசில் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகமென்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போனில் பேசினால் அடுத்த அறையில் அவளுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

மூன்று கிழமையாக அவள் உங்கள் அழைப்பை எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று நான் சொன்னது பொய். அவளுக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்று நீங்கள் நினைத்திருந்தால் அதுவும் பொய்.

தை மாதம் வீடியோவில் நீங்கள், "உந்தப் பருத் தழும்பெல்லாம் ஒரு விசயமே? இப்ப லேசர் இருக்குத்தானே" என்று சொன்னது குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற எனக்கும் கேட்டது. நீங்கள் பகிடிக்குத்தான் சொன்னீர்கள். அவளோ அன்று தொடக்கம் கண்ணாடிக்கு முன்னால்தான் நின்றாள். முன்பள்ளி ஆசிரியர் கூட்டம் என்று எனக்குச் சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு கிளினிக்கில் முகத்துக்கு லேசர் அடித்துக்கொண்டு வந்தாள். என்னென்ன கெடுதல் வரலாம் என்று இங்கிலீசில் எழுதியிருந்த தாளில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தாளாம். வெயில் படக்கூடாது என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து மத்தியான வள்ளத்தில் முகத்தை மூடாமலே வந்திருக்கிறாள். முகம் சிவந்ததை வெயிலின் தலையில் போடலாம் என்று நினைத்தாளாம். படித்த பிள்ளையின் புத்தியைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் முகமெல்லாம் கொப்புளம். கண்டவுடன் நான் அம்மாள் வந்துவிட்டா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வாசலில் வேப்பிலை கட்டினேன். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து இந்தக் கையாலேயே பூசினேன். அம்மாளுக்கு மருந்து போடக்கூடாது என்று ஆஸ்பத்திரிக்கும் விடவில்லை. உண்மையைச் சொல்வதைவிட இது லேசு என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆறாம் நாள் காய்ச்சல் தூக்கிப்போட்டது. பொருக்குக்குக் கீழே சீழ். அப்போதுதான், "அம்மா, இது அம்மாள் இல்லை" என்று அழுதாள்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தோம். எங்கட நிறத்துத் தோலுக்கு உது சரியான கவனமாச் செய்யவேணும், முதல் ஒரு சின்ன இடத்தில செய்து பார்த்திருக்கவேணும் என்று தோல் டொக்டர் அம்மா சொன்னா. கருமை ஒரு வருடத்தில் மங்கலாம், மங்காமலும் விடலாமாம். இடது கன்னத்துத் தழும்பு போகாது. நான் பூசியதைச் சொன்னபோது அவ என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

இப்போது அவள் முன்பள்ளிக்குப் போவதில்லை, பிள்ளைகள் பயப்படும் என்கிறாள். சாப்பிடும்போதும் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் இருக்கிறாள். வைகாசிக் கலியாணத்தை நிப்பாட்டச் சொல்கிறாள். "அவர் வந்து இறங்கி என்னைப் பார்க்கிற அந்த ஒரு நிமிசத்தை என்னால தாங்க ஏலாது" என்கிறாள். நிப்பாட்டினால் அவள் இனி யாருடைய பக்கமும் திரும்பமாட்டாள் என்று பயமாக இருக்கிறது, தம்பி. என் பிள்ளை என் கண்முன்னாலேயே இல்லாமல் போகிறாள்.

அதனால் ஒரு துரோகம் செய்திருக்கிறேன். நேற்று மத்தியானம் அவள் நித்திரையாக இருந்தபோது படமெடுத்தேன். இன்று காலை ஊர்காவற்றுறைக்குப் போய்ப் பிரிண்ட் எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். தனியாக இருந்து பாருங்கள். முகம் சுழிப்பதென்றால் அங்கேயே சுழியுங்கள். அழுவதென்றாலும் அங்கேயே அழுங்கள். ஒரு நாள் போதாவிட்டால் பத்து நாள் பாருங்கள். கண் பழகிய பிறகு வாருங்கள்.

ஏலாது என்றால் எனக்கு எழுதுங்கள், அவளுக்கு எழுத வேண்டாம். தாய்க்காரியின் வாய் சரியில்லை, அந்தக் குடும்பம் சரிவராது என்று ஊரெல்லாம் சொல்லுங்கள். யார் வந்து கேட்டாலும் நான் ஓம் என்று சொல்வேன்.

எந்த முடிவெடுத்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் மாமி என்றே கையெழுத்து வைக்கும்
சுலோஜனா