ஏரிக்கரைக்காக ஒரு மனு

பெங்களூர்
14-8-1956

அன்புள்ள யூனிஸுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு, பெங்களூரில் கடை திறந்தே கிடக்குமே என்று பயந்தாய். ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, அல்சூர் ஏரிக்கரையில் குடிப்பதைத் தடுக்க வேண்டுமா என்று சபையில் கூட்டம் போட்டார்கள்.

"உழைச்சவன் வேற எங்கே போய் உட்காருவான்?" என்றார் தச்சர் ஓஸ்வால்ட்.

"பொம்பளைங்க அந்த வழியா நடக்க வேணாமா?" என்று ஜோசஃபின் டீச்சர் சீறினார்.

கடைசியில் டீச்சர் பக்கம்தான் ஜெயித்தது. தடை கேட்டு மனு எழுத என்னிடம் பேனாவை நீட்டினார்கள். குடித்த நாட்களில் சம்பளக் கையெழுத்துக்கே நடுங்கிய கை இது. இரண்டு பக்கம் எழுதினேன்.

யாராவது வந்தால் நார்த்தங்காய் ஊறுகாயும் என் மஃப்ளரும் கொடுத்தனுப்பு. சாயங்காலம்தான் சீக்கிரம் போகமாட்டேன் என்கிறது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

மனுவை நீ பார்க்க முடியாது. இந்தக் கடிதத்தின் எழுத்தைப் பார், போதும்.

உன்
சிரில்