காலை வண்டியில் மூன்று பேர்

ஜூன் 16, 2025, திங்கள்

மலையிறங்கிச் சேந்தமங்கலம் போய், போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு மனுவைப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன். கேட்டது இரண்டு. எங்கள் ஊருக்கு வரும் ஒரே பஸ்ஸில் தினமும் எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள் என்ற விவரம், தகவல் உரிமைச் சட்டப்படி. அதோடு, மாலை ஐந்தரைக்கு ஒரு நடை கூடுதலாக.

இப்போதுள்ள மாலை வண்டி நாலு மணிக்கே பள்ளிக்கூடத்தைத் தாண்டிவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குத் தனி வகுப்பு ஐந்து வரை. முடித்துவிட்டு ஏழு கிலோமீட்டர் காட்டு ரோட்டில் பிள்ளைகள் நடக்கிறார்கள். மாணிக்கத்தின் மகள் கோகிலாவும் அதில் ஒருத்தி. நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள், மதிப்பெண்ணும் இருக்கிறது. "இருட்டுல வர்ற படிப்பு வேண்டாங்க சார்" என்று மாணிக்கம் போன வாரமே சொன்னான். அவனும் என்னிடம் படித்தவன்தான்.

கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் யாரும் தட்ட முடியாது. இதை எத்தனை வருடம் வகுப்பில் சொல்லியிருப்பேன்!

ஜூலை 24, வியாழன்

பதில் வந்துவிட்டது. காலை நடையில் எங்கள் ஊரில் ஏறுவோர், சராசரி மூன்று பேர். மாலையில் இறங்குவோர் இரண்டு.

மூன்றா? திங்கட்கிழமை நான் நின்றுகொண்டே போனேனே. பிடித்துக்கொள்ளக் கம்பிகூடக் கிடைக்கவில்லை. மாணிக்கத்தின் மனைவி பாப்பாயி வைத்திருந்த கோழி என் சட்டையைக் கொத்திக்கொண்டே வந்தது.

ஜூலை 25, வெள்ளி

காலை வண்டியில் போனேன். நடத்துனர் முருகானந்தம் மலைக்குக் கீழே இருந்து வரும் கீழ்நாட்டுக்காரர், ஊரில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வண்டி நிறையக் கூட்டம். அடித்தது மூன்றே டிக்கெட். எனக்கு ஒன்று, மாணிக்கத்துக்கு ஒன்று, மிளகு வாங்க வந்த வியாபாரிக்கு ஒன்று. பிள்ளைகளிடம் பாஸ் இருக்கிறது. பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் பூஜ்யம் போட்ட சீட்டு ஒன்று அடித்துத் தர வேண்டும். யாருக்கும் தரவில்லை.

"குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க சார். மெஷின் பேப்பர்தான் வீணு" என்றார்.

பின் சீட்டிலிருந்து கண்ணாயி கையை ஆட்டிக்கொண்டு சொன்னாள்: "காசு குடுத்தாத்தானுங்க சீட்டு. சும்மா ஏத்திட்டுப் போறதுக்குச் சீட்டும் வாங்கி மடியில கட்டுனா, பிச்சக்காரின்னு நாமளே எழுதி வாங்குனாப்புல ஆயிருமுங்க. நீங்க வேணா எனக்கும் சேத்து ரெண்டா வாங்கிக்கோங்க சார்."

வண்டியே சிரித்தது. நானும்தான்.

முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன் 'உள்ளேன் ஐயா' சொல்லவில்லை என்றால் வருகைப் பதிவேட்டில் அவன் வரவில்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் இத்தனை நாளும் உள்ளேன் சொல்லாமல் பயணம் போயிருக்கிறார்கள். சொல்லிப் புரியவைத்துவிடலாம். ரோஷக்காரர்கள்தானே தவிர விவரமில்லாதவர்கள் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வண்டி வரவில்லை.

பழுதாகியிருக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வெயில் ஏறிய பிறகு முருகானந்தம் போன் செய்தார். "உங்க ஊர் நடைய எடுத்துட்டாங்க சார். இனிமே பள்ளிக்கூடத்தோட திரும்பிருவோம். உங்க மனுவுக்குப் பதில் எழுதத்தான் அந்தக் கணக்க எடுத்தாங்களாம். மூணு பேருக்கு மலை மேல எதுக்குய்யா டீசலுன்னு கேட்டுட்டாங்க."

யாரும் திறந்து பார்க்காமல் கிடந்த கணக்கு. நான்தான் எடுத்துப் பார்க்க வைத்தேன். கேட்காமல் இருந்திருந்தால் காலையில் ஹாரன் அடித்திருக்கும். பிள்ளைகள் ஏறியிருப்பார்கள். ஏண்டா, உன்னை யார் கேட்டது? பென்ஷனை வாங்கிக்கொண்டு பேசாமல் கிடந்தால் என்ன?

ஆகஸ்ட் 15, வெள்ளி

கிராமசபையில் தீர்மானம் போட்டார்கள். பொன்னாயி எழுந்து, "இருந்த ஒத்த பஸ்ஸையும் படிச்சவரு எழுதிக் குடுத்து ஓட்டிப்போட்டாருங்க" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. "சார் நல்லதுக்குத்தானுங்க செஞ்சாரு" என்று மாணிக்கம் எனக்காகப் பேசினான். பொன்னாயி சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். இதைத் தாங்க முடியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கீழே டெப்போவுக்குப் போனேன். வெறுங்கையோடு போகவில்லை. மக்கள்தொகைக் கணக்கு, பள்ளிச் சேர்க்கை விவரம், ரேஷன் அட்டை எண்ணிக்கை, எல்லாம் அரசாங்கமே வெளியிட்டது. நகல் எடுத்துத் தைத்திருந்தேன். மேலாளர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, பக்கம் பக்கமாகக் கேட்டார். பதிவேடு உதாரணத்தையும் சொன்னேன். தலையாட்டினார்.

"புரியுதுங்க சார். ஆனா மேல இருக்கறவங்க என்கிட்டக் கேக்கறது மெஷின் கணக்க மட்டுந்தாங்க. ரெண்டு மாசம் உங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரையும் டிக்கெட் வாங்கச் சொல்லுங்க. நானே எழுதி நடைய வாங்கித் தரேன்."

"எந்த வண்டியிலங்க வாங்கறது?" என்று கேட்டேன்.

டீ ஆறிவிடும், குடியுங்கள் என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

கோகிலா இன்றும் நடந்துதான் போனாள். கூட அவள் வகுப்புச் சங்கீதா மட்டும். மற்ற பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்.

அக்டோபர் 9, வியாழன்

விடாத மழை. சங்கீதாவுக்குக் காய்ச்சல் என்று நேற்று கோகிலா தனியாகப் போயிருக்கிறாள். திரும்பும்போது ரோட்டில் கரடி. பாறைக்குப் பின்னால் நனைந்துகொண்டே நின்று, அது போன பிறகு வந்திருக்கிறாள்.

மாணிக்கத்தின் வீட்டுக்குப் போனேன். கலெக்டருக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் கொஞ்சம் பொறு என்றேன். அவன் குரலை உயர்த்தவில்லை. "புள்ளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் எந்தக் கணக்கக் காட்டி யாரக் கேக்கறதுங்க சார்?"

பாடம் நடத்துகிறவனுக்கு எப்போதும் ஒரு உதாரணம் வாயில் வரும். வரவில்லை.

கோகிலா உள்ளேயிருந்து வந்தாள். "பரவால்லீங்க சார். நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

மழையில் நடந்து வீடு வந்தேன். குடை கையில்தான் இருந்தது, விரிக்கவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

கலெக்டர் அலுவலகத்திலிருந்து, மனு கிடைத்தது என்று குறுஞ்செய்தி. கிடைத்தது, அவ்வளவுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

காலையில் ஹாரன். வண்டிதான் என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன்.

ஒரு நூல் மில்லின் வேன். பள்ளிக்கூடத்தோடு திரும்பவில்லை, ஊர்க் கடைசி வீடு வரைக்கும் வந்து நின்றது. கோகிலாவோடு இன்னும் இரண்டு பெண்கள் மில் வேலைக்கென்று ஏறினார்கள். ஹாஸ்டல், சாப்பாடு, ஊருக்கு வந்து போக எல்லாம் வேன் என்று சொல்லியிருக்கிறார்கள். பாப்பாயி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சூதானமா இரு சாமி, சூதானமா இரு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மாணிக்கம் மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டானாம். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

ஆள் சேர்க்க வந்தவர் சிரித்த முகம். என்னைப் பார்த்து, "ஏனுங்க பெரியவரே, பத்தாவது தாண்டுன புள்ளைங்க உங்க ஊருல பதினொண்ணு இருக்குதுங்களே, மூணுதானுங்களா வருது?" என்றார்.

பதினொன்று. மனதுக்குள் ஒவ்வொரு வீடாகப் போய் எண்ணினேன். சரியாக இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இத்தனை மாதத்தில் எங்கள் ஊரைப் பற்றி வெளியாள் ஒருவர் சொன்ன சரியான எண் இதுதான்.

"வாரனுங்க சார்" என்றாள் கோகிலா.

மழையில் ரோட்டோரம் அரித்துப் போயிருந்தது, வேன் திரும்ப இடம் போதவில்லை. பின்னால் பார்க்கச் சொன்னார் டிரைவர். ஆள் சேர்க்க வந்தவர் உள்ளே ஏறிவிட்டார், அங்கே ஆண்பிள்ளை வேறு யாரும் இல்லை. நான்தான் பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு, வரட்டும், வரட்டும் என்று கை காட்டினேன்.