மூன்றாவது பவுலருக்கு

நேற்றைய மழையில் வாசலில் கிடந்த தேங்காய்நார் மிதியடி நனைந்துவிட்டது. காலையில் அதை உதறி வெயிலில் போடப் போனேன். ஈர நாரின் வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் மேல் பழையபடி பொறாமை வந்துவிட்டது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. செத்துப்போன மனிதர் மேல் பொறாமைப்படுகிறவன் கோயமுத்தூரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மேட்டுப்பாளையம் பக்கம் நீங்கள் வேலை பார்த்த மில் மூடிய கையோடு, உங்களை எங்கள் மில் கிரிக்கெட் டீமுக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு அடிபட்டது. இன்னொரு மில்லும் உங்களைக் கேட்டுக்கொண்டிருந்ததாம். நான் அப்போது பதிலி ஆள். யாராவது லீவு போட்டால்தான் எனக்கு வேலை. டீமில் மூன்றாவது பவுலர். நன்றாக ஆடுகிறவர்களுக்குத்தான் மில்லில் முதலில் வேலையை நிரந்தரமாக்குவார்கள். அடுத்த பர்மனென்ட் இடம் எனக்குத்தான் என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன். அதை நம்பி வீட்டில் பெண்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தை உங்களுக்குக் கொடுத்தார்கள்.

டீமைக் கவனித்துக்கொண்டிருந்த லேபர் ஆபீசரிடம் போய் நின்றேன். "ஏனுங்க சார், அவரென்ன அத்தனை பெரிய பவுலருங்களா? வேகமுமில்லீங்க, சுழலுமில்லீங்க. ஒரு மேட்சுக்கு ஒரு விக்கெட் எடுத்தாப் பெருசுங்க."

"விக்கெட் எடுக்க முன்னால ரெண்டு பேர் இருக்காங்க கண்ணு," என்றார். "அவங்க ஓஞ்சு போற நேரத்துல ரன்னை உடாமப் புடிச்சு நிறுத்த ஓராள் வேணும். நீ நாலு பந்தை நல்லாப் போட்டுப்போட்டு அஞ்சாவதை எங்கியோ போடறே."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதனால்தான் இன்னும் எரிந்தது. பயிற்சி முடிந்த பிறகு பிட்ச்சில் விரித்த நார்ப்பாயைப் பார்ப்பேன். நான் போட்ட பந்தின் சிவப்புச் சாயம் பாய் முழுக்கச் சிதறிக் கிடக்கும். உங்களுடையது உள்ளங்கை அகலத்துக்கு ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும்.

எங்கள் மைதானத்தில் புல் ஏது? செம்மண்ணில் நார்ப்பாயை விரித்து, இழுத்துப் பிடித்து, ஓரமெல்லாம் பெரிய ஆணி அடிக்க வேண்டும். அது என் பொறுப்பு. பாய் தளர்ந்திருந்தால் பந்து விழுந்த இடத்திலேயே சோர்ந்து நிற்கும். மட்டை பிடிப்பவனுக்குக் கொண்டாட்டம். அரையிறுதி அன்று காலை, உங்கள் பந்து விழும் இடத்துக்கு நேராக ஓரத்தில் மூன்று ஆணிகளை முழுதாக இறக்காமல் விட்டேன். தெரிந்தேதான் செய்தேன். மற்ற பவுலர்களின் பந்து அங்கும் இங்கும் விழும், தப்பித்துக்கொள்வார்கள். தவறாமல் அங்கேயே போடுகிறவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் முதல் ஓவரில் அடுத்தடுத்து இரண்டு பவுண்டரி. மிட் ஆனில் நின்ற எனக்கு வாயெல்லாம் பல். நீங்கள் நடந்துபோய்க் குனிந்து பாயை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தீர்கள். ஓரத்தைப் பார்த்தீர்கள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள்.

அம்பயரிடம், "ஒரு நிமிஷமுங்க. ஓடி ஆடுனதுல ஆணி மேல வந்துபோச்சுங்க," என்றீர்கள். சுத்தியலை வரவழைத்து நீங்களே மூன்றையும் அடித்து இறக்கினீர்கள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதிரணியை மூச்சுவிட விடவில்லை. ஜெயித்தோம்.

ஆபீசிலிருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று பல நாள் பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. கேண்டீனில் என் பக்கம் டீயை நகர்த்திவிட்டு, "பைனலுக்குப் பாய் இழுக்கறப்போ நானும் வாரனுங்க," என்றீர்கள், அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

அந்த சீசனோடு நான் மில்லை விட்டு, கணபதி பகுதியில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டேன். பார்த்து வைத்த பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கணக்கையும் உங்கள் பேரில்தான் வெகு காலம் வைத்திருந்தேன்.

நீங்கள் போனபின் உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தபோது, யாரென்று சொன்னதும் உங்கள் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அது? எப்பவும் சொல்லுவாருங்க. பாயை இறுக்கி ஆணி அடிக்கறதுல உங்களை மிஞ்ச அந்த மில்லுலயே ஆளில்லீன்னு."

கட்டிய மனைவியிடம்கூட நீங்கள் சொல்லவில்லை. நானாக இருந்தால் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன், வருஷா வருஷம் சொல்லியிருப்பேன்.

மிதியடி காய்ந்துவிட்டது. மூலைகளை இழுத்துச் சரிசெய்து வாசலில் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அந்த ஒரு பர்மனென்ட் இடத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று இன்றைக்கு என்னைக் கேட்டால், உங்களுக்குத்தான் கொடுப்பேன். வயிறு எரிந்துகொண்டேதான் கொடுப்பேன்.