அண்ணி கட்டிய சீரியல் லைட்

அண்ணி,

தீபத் திருநாளுக்கு மாடியைக் கூட்டப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் குழாயில் உங்கள் பழைய நைட்டித் துணி கண்ணில் பட்டது. குரங்கு இழுத்தாலும் வரக் கூடாது என்று அந்தத் துணியைக் கிழித்துத்தான் சீரியல் லைட்டை மூன்று சுற்று சுற்றிக் கட்டியிருந்தீர்கள். நீலப் பூவெல்லாம் வெளுத்துவிட்டது. நீங்கள் காய்ச்சலில் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது.

"அந்த லைட்ட அவுத்துப் போடுடி. வருஷம் திரும்பல, இந்த வருஷம் வெளக்கு வரிச கூடாது" என்று அம்மா கீழிருந்து சொன்னாள். நான் அவிழ்க்கவில்லை.

பத்தாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, ஆள் வந்தால் அறைக்குள் போய்விடுகிறவளாக நான் இருந்தபோதுதான் கீழ்பென்னாத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தீர்கள். "தெருவுக்கு வர வெட்கமா இருந்தா மாடிக்காவது வா பாப்பா" என்றீர்கள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பாய், தலைக்கு மேலே மஞ்சள் பல்புகள். அங்கேதான் உங்களோடு வாய் ஓயாமல் பேசினேன். கீழே இறங்கினால் மறுபடி ஊமை.

போன தீபத்தன்று நடந்ததுதான் இப்போது குழப்புகிறது. மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் ஊரில் வீட்டு விளக்குகளை ஏற்றுவார்கள். நான் எரிகிறதா என்று பார்க்க முன்னாலேயே சுவிட்சைப் போட்டுவிட்டேன்.

எதிர் மாடி அத்தை விடவில்லை. "என்னா, மலைக்கு முன்னாடி உங்க வூட்டுக்கு ஜோதி வந்துட்ச்சா?"

நான் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்கள்தான் சொன்னீர்கள்: "எண்ணெ இல்ல, திரி இல்ல. இது வெளக்கே இல்லீங்க அத்த."

சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அத்தை அந்தப் பக்கம் திரும்பியதும் சத்தமில்லாமல் அணைத்துவிட்டீர்கள். ஜோதி தெரிந்த பிறகுதான் மறுபடி போட்டீர்கள்.

விளக்கே இல்லை என்றால் ஏன் அணைத்தீர்கள் அண்ணி? விளக்குதான் என்றால் துக்க வீட்டில் நான் அதைப் போடக் கூடாது. இல்லை என்றால், நீங்கள் கட்டியது ஏன் இருட்டில் கிடக்க வேண்டும்? அண்ணனிடம் கேட்டேன். "என்னக் கேக்காத" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நேற்று மாலை மலையில் ஜோதி தெரிந்தது. தெருவெல்லாம் அரோகரா. சுற்றியுள்ள மாடிகளில் எல்லாம் அகல் விளக்குகள். நம் மாடி மட்டும் கறுப்பாக இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, சுவிட்சைப் போட்டேன்.

படியில் அம்மாவின் காலடிச் சத்தம் கேட்டது. திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவள் அண்ணாந்து பல்புகளைப் பார்த்தாள். பிறகு, "தொட்டிப் பக்கம் நாலு எரியல பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அது சம்மதமா, மனம் விட்டுப்போனதா, எனக்கு விளங்கவில்லை. அவள் போன பிறகும் நான் அணைக்கவில்லை. செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை அண்ணி. தப்பென்றால் அது என் தப்பாகவே இருக்கட்டும். உங்கள் பேரைச் சொல்லித் தப்பிக்க மாட்டேன்.