மமதா எங்களைத் திட்டிய நாள்

டீச்சர்,

இன்று காலை இரண்டாம் வகுப்பு பீரோவைத் திறந்தேன். தையல் மெஷின் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் உங்கள் கோணிப்பை. உள்ளே எண்ணெய்க் குப்பி சாய்ந்து, பையெல்லாம் ஊறிப் போயிருந்தது. அதை ஒழுங்காக மூடி வையுங்கள் என்று எத்தனை முறை உங்களோடு சண்டை போட்டிருப்பேன்! நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை மாதமாகியும் அது உங்கள் பேச்சைத்தான் கேட்கிறது.

ஒன்றாம் வகுப்பு எனக்கு, இரண்டாம் வகுப்பு உங்களுக்கு, நடுவில் ஒரு தட்டி. இப்போது இரண்டையும் நானே பார்க்கிறேன். தட்டியை எடுத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து கண்டக்டர் விசில் சத்தம் வருவதில்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

தொழில்களும் கருவிகளும் பாடம் வந்தால் நான் சார்ட் மாட்டுவேன். டாக்டர், போலீஸ், விவசாயி, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு கருவி, அழகாக வண்ணம் அடித்து. நீங்கள் பையைக் கவிழ்ப்பீர்கள். கொத்தனார் கரண்டி, களைக்கொட்டு, இஞ்ச் டேப்பு, விசில் எல்லாம் தரையில் உருளும். “சார்ட்டுல இருக்குற டாக்டரு இந்தப் புள்ளைங்க வூட்டுப் பக்கம் வரவே மாட்டாரு டீச்சர்” என்று சிரிப்பீர்கள். எனக்குக் கோபம் வரும். சார்ட்டை மட்டும் கழற்ற மாட்டேன்.

‘உங்க அப்பா என்ன வேலை?’ என்று நீங்கள் ஒரு குழந்தையிடமும் கேட்டதில்லை. ஒருவனுக்கு அப்பா துபாயில், ஒருத்திக்கு அப்பாவே இல்லை, இன்னொருவன் வீட்டில் அந்தப் பேச்செடுத்தாலே ரகளை. அதனால் கேள்வியை மாற்றிப் போடுவீர்கள். “வூட்ல வேலைக்குப் போறவங்க கையில எதை எடுத்துப்பாங்க? அத ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிட்டு வா.” சாமான் முதலில், வேலையின் பெயர் பிறகு. பீங்கான் பொம்மை செய்யும் ஷெட்டுகளுக்கு ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழே அப்படித்தான் ஆரம்பமானது. கையில் பொருளைப் பிடித்துக்கொண்டால் அவர்களுக்குச் சொல் தானாக வந்தது.

மமதாவுக்கு மட்டும் வரவில்லை. ஜூனில் சேர்ந்தவள், மார்கழி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அம்மா பள்ளி வாசலில் நின்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: “பாப்பா ஸ்கூல்ல பேசலே டீச்சர். பொங்கலுக்கு இவங்கப்பா ஊருக்குப் போவுது. கூட அனுப்பறேன். அங்க எங்க அக்கா வூட்ல இருக்கட்டும்.” சொல்லிவிட்டு அழுதாள். ஆறு வயதுப் பிள்ளையை ஆயிரம் மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு அவள் இங்கே எப்படி இருப்பாள்? நீங்கள், “பொங்கலு வரட்டும், பாத்துக்கலாம்” என்று மட்டும் சொன்னீர்கள். என்ன மனுஷி இவர் என்று நினைத்தேன்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின வாரம் சாமான் கொண்டுவரும் நாள். மமதா பையிலிருந்து ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை எடுத்தாள். “ஐயே, பாத்திரம் வௌக்குறது!” என்று ஒருவன் கத்த, வகுப்பே சிரித்தது. அவள் அதைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். நான் தட்டியைச் சுற்றி ஓடி வந்தேன்.

நீங்கள் யாரையும் அதட்டவில்லை. உங்கள் பையிலிருந்து, அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்தது போன்ற ஒரு பச்சைமண் யானையை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு அதன் முதுகில் துருத்திக்கொண்டிருந்தது. மமதா அதைப் பார்த்தாள். எழுந்து குழாயடிக்குப் போய் ஸ்பாஞ்சை நனைத்து, பிழிந்து, வந்து யானையின் முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள். கோடு மெல்ல மறைந்தது. “எங்கம்மாவும் பொம்மை தொடைக்கிறாங்க!” என்று கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அதுவரை அவள் அதைச் சொன்னதே இல்லை. பிள்ளைகள் மேசையை மொய்த்தார்கள். ஆர்வம் தாங்காமல் நானும் தும்பிக்கையைத் தொடக் கையை நீட்டினேன்.

“தொடாத! ஈரமா இருக்குதுல்ல? ஒடஞ்சிரும், தள்ளு!”

மமதாதான். அச்சு அசல் நம்ம விருத்தாசலத்துப் பேச்சு. நான் கையை இழுத்துக்கொண்டேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தீர்கள்.

பிறகுதான் விஷயத்தை உடைத்தீர்கள். “சனிக்கெழம இவங்கம்மா வேல செய்யுற ஷெட்டுக்குப் போயிருந்தேன் டீச்சர். அங்க இது வாயே மூடல. வர்றவங்க போறவங்கள எல்லாம் தமிழ்லயே திட்டிக்கிட்டு இருக்குது. நம்ம கிட்டதான் பேசறதுக்கு அதுக்கு ஒண்ணும் இல்ல.” சாயங்காலம் அவள் அம்மாவிடமும் அதையே சொல்லி, இனி பள்ளியிலும் பேசுவாள் என்றீர்கள். அந்தப் பொங்கலுக்கு மமதாவின் அப்பா தனியாகத்தான் ஊருக்கு ரயில் ஏறினார்.

உங்களைக் கொண்டுபோன அன்று தாயும் மகளும் வந்திருந்தார்கள். மமதா இப்போது ஆறாம் வகுப்பு, அம்மா உயரம் வந்துவிட்டாள். அம்மாவின் தமிழும் தேறிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு அனுப்பியிருந்தா இது எங்க அக்காவத்தான் அம்மான்னு கூப்புட்டு இருக்கும் டீச்சர்” என்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எனக்கு அங்கேதான் வந்தது. உங்கள் பக்கத்து வகுப்பில் இத்தனை வருஷம் இருக்கக் கிடைத்ததே, அது என் அதிர்ஷ்டம் டீச்சர். இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் கிண்டல் செய்தே கொன்றிருப்பீர்கள்.

இந்த வருஷம் ஒரு குழந்தை வந்திருக்கிறது. பீகார்ப் பக்கம். இதுவரை வாயைத் திறக்கவில்லை. முன்பென்றால் பயந்துபோய்ப் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பேன். இப்போது பயமில்லை. அது எங்கேயோ வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கும். அது எந்த இடம் என்று பார்த்துவர சனிக்கிழமை கிளம்புகிறேன்.