கை என்று கத்த வேண்டும்

ஏப்ரல் 9

மைதானத்தின் பின்சுவரைப் பார்த்து நின்று நூறு முறை "கை" என்று கத்தச் சொன்னார் மாஸ்டர். ஒன்று கூடக் கத்தலாக வரவில்லை. இருமல் மாதிரி வந்தது. "சுவருக்கே கேக்கலையாம், உங்கிட்ட சொல்லச் சொல்லுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுவும் சத்தமில்லாமல்.

ரிலேயில் மூன்றாவது நூறு மீட்டர் என்னுடையது. நான்காவது நெட்டை அக்காவுடையது. தரையில் டேப் ஒட்டிய இடத்தை நான் தாண்டியதும் அவள் ஓடத் தொடங்குவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள், பார்த்தால் வேகம் போய்விடும். நான் நெருங்கி வந்து "கை" என்று கத்தியதும் அவள் கை பின்னால் நீளும். பேட்டன் குச்சியை அதில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எனக்கு ஓட்டம் வருகிறது, கத்தல் வரவில்லை. இன்று ஆறு முறை செய்து பார்த்ததில் நான்கு முறை அக்காவின் கை நீளவே இல்லை.

"பூனை, நீ வந்தியா வரலையான்னே தெரியலடி" என்றாள்.

இந்த விளையாட்டு விடுதியில் எனக்குப் பெயர் பூனை. பள்ளிக்கூடத்தில் ஊமைக்கோட்டான். இது தேவலை.

ஏப்ரல் 12

சாப்பாட்டுக் கூடத்தில் வார்டன் அம்மா ஒரு கடிதத்தைப் படித்தார். தடகளச் சங்கத்திலிருந்து வந்தது. மே மாதம் நடக்கும் நாடுகளுக்கு இடையிலான போட்டியில் நம் அணி கடைசியாக வந்தால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். கீழ்ப்பிரிவு அணிக்கு விடுதி கிடையாது. ஜூன் முதல் தேதி அறைச் சாவிகளை ஒப்படைக்க வேண்டும்.

படித்து முடித்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, ஆறிடப் போகுது, சாப்பிடுங்க" என்றார்.

மற்றவர்களுக்குத் திரும்பிப் போகப் பள்ளியோ கல்லூரியோ இருக்கிறது. எனக்கு?

ஏப்ரல் 13

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 17

அம்மாவிடம் போனில் பேசினேன். பேசியது அவள், கேட்டது நான். மருத்துவமனைத் துணி வெளுக்கும் இடத்தில் அம்மாவுக்கு வேலை. எட்டாம் வகுப்போடு நின்ற பிறகு இரண்டு வருஷம் நானும் அங்கே இருந்தேன். படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்கு இரண்டு முனை. நான் வந்த பிறகு அம்மா ஒரு பக்கத்தைச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்டி, தனியாக மடிக்கிறாளாம்.

விடுதியை மூடலாம் என்பதைச் சொன்னேன். "சரி விடு. உன் இடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. கொக்கிக்கு ஓய்வு கொடுக்கலாம்" என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். போனை வைத்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அந்த ஆவி, அந்த மருந்து வாடை, முழங்கை வரை சிவந்த கை. அங்கே இருந்து நான் நடந்து வெளியே வரவில்லை. ஏற்ற மறந்த மூட்டையோடு வண்டியைத் துரத்தி ஓடியபோது மாஸ்டர் கண்ணில் பட்டதால் வந்தேன். இன்னொரு மூட்டையை யார் மறக்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 20

மாஸ்டர் இன்று சிரிக்கவில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிற்கச் சொன்னார்.

"உன்னை விட வேகமா ஓடுறவ இங்க இல்ல. ஆனா சத்தம் இல்லாத வேகம் எனக்கு எதுக்கு? சனிக்கிழமைக்குள்ள வாயைத் திற. இல்லன்னா உன் இடத்துல வேற ஆள்."

சரி என்று சொல்லக் கூட வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். "பாத்தியா, இதைத்தான் சொல்றேன்" என்றார்.

ஏன் இப்படி இருக்கேன்? தொண்டையில என்னதான் இருக்கு? யாராவது திறந்து பார்த்துச் சொல்லுங்களேன். ஒரே ஒரு எழுத்து. கைக்குழந்தை கூட அதைவிடப் பெரிசா கத்தும். இந்த ஒரு எழுத்துக்காக நான் மறுபடியும் அந்த ஆவிக்குள்ள போகணுமா?

ஏப்ரல் 21

துணி துவைக்கும் இடத்தில் நெட்டை அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ ஏன்டி பள்ளிக்கூடத்தை விட்டே?" என்று கேட்டாள். யாரும் இதுவரை கேட்டதில்லை. சொல்லிவிட்டேன்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். எனக்கு வராது. எழுந்து நிற்பேன், வாய் அசையும். சார் தலையைத் தூக்க மாட்டார், சத்தம் வந்தால்தான் குறிப்பார். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், பதிவேட்டில் நான் வரவில்லை. ஒரு வருஷம் முழுக்க இப்படி. கடைசியில் வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். எப்படியும் வரவில்லை என்றுதானே எழுதுகிறார்கள் என்று போகாமலே நின்றுவிட்டேன்.

அக்கா சோப்பு நுரையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அது சிரிப்பாக இல்லை.

"கைன்னு கத்தாதே. அது மாஸ்டரோட வார்த்தை. உனக்குள்ள அடைச்சுக் கெடக்குறது வேற. அதையே கத்து."

"எதை?"

"உள்ளேன். ஐயா வேணாம். நான் என்ன ஐயாவா?"

மாஸ்டரிடம் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தோம். வார்த்தையை மாற்றினால் குதிப்பார். தூரத்தில் நிற்கிறவருக்குச் சத்தம் கேட்டால் போதும்.

ஏப்ரல் 23

வந்தது. என் குரல்தானா என்று நானே திரும்பிப் பார்த்தேன். ஏழு முறையில் ஏழும் கைக்குப் போனது. மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தூக்கிப் போட்டார். "நூறு தடவை சுவத்தைப் பாத்துக் கத்தினது வீண் போகல" என்றார். அக்கா குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே இருந்தாள், தோள் குலுங்கியது.

மே 4

போட்டி நடக்கும் ஊருக்கு வந்துவிட்டோம். எட்டு நாடு. ஒவ்வொரு போட்டியிலும் நாட்டுக்கு ஒரே ஆள், ரிலேயில் ஒரே அணி. முதலாவது வந்தால் எட்டு புள்ளி, அப்படியே குறைந்து கடைசிக்கு ஒன்று. விதியை மீறினால் சுழி. இரண்டு நாள் முடிவில் எல்லாவற்றையும் கூட்டி, கடைசி நாடு கீழே.

சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்து நாட்டுப் பெண் ஒருத்தி என் எதிரே வந்து உட்கார்ந்தாள். நம் பாஷைதான் பேசுகிறாள். மூச்சு விடாமல் பேசுகிறாள். "நீ ரிலேயா? நானும். கடைசி ஆள் நான். உனக்கு அந்த முட்டை வேணுமா? வேணாம்னா கொடு." மனதுக்குள் அவளுக்கு வாயாடி என்று பெயர் வைத்தேன். முட்டையைக் கொடுத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "நாங்க இறங்கினா எங்க ஹாஸ்டலையும் ஜூன் ஒண்ணாந்தேதி மூடிருவாங்க. எனக்கு வீடுன்னு சொல்ல அதுதான். சித்தி கதவு திறக்க மாட்டா." அடுத்த வாய் முட்டையை அதே சிரிப்போடு போட்டுக்கொண்டாள். இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் விடுதி போன் எண்ணை அவளே எழுதினாள். "நீ பேச வேணாம், போன் பண்ணினா போதும். நான் பேசிக்குவேன்."

மே 6

முதல் நாள் முடிந்தது. ஈட்டியில் ஆறாவது, உயரம் தாண்டுதலில் எட்டாவது, இரண்டு ஓட்டத்தில் ஏழாவது. நாங்கள் கடைசி. எங்களுக்கு மேலே வாயாடியின் நாடு.

மாஸ்டர் படிக்கட்டில் உட்கார்ந்து காகிதத்தில் கூட்டினார், அடித்தார், மறுபடி கூட்டினார். எப்படிக் கூட்டினாலும் அதுவேதான்.

மே 7, மதியம்

ரிலே ஒன்றுதான் மிச்சம். நாங்கள் அறுபத்தொன்று, அவர்கள் அறுபத்து மூன்று. அவர்களை விட மூன்று இடம் முன்னால் வந்தால்தான் தப்புவோம். நாங்கள் மூன்றாவது லேன், அவர்கள் நான்காவது.

எழுத்து கோணுகிறது. உள்ளேன். உள்ளேன். உள்ளேன்.

மே 7, மாலை

வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை இருக்காது.

பேட்டனை வாங்கினேன், வளைவில் நன்றாக ஓடினேன். அக்கா கிளம்பினாள். என் வாழ்நாளில் கத்தாத கத்தல் ஒன்று கத்தினேன். அக்கா கை வந்தது, வைத்தேன். பக்கத்து லேனில் இன்னொரு கையும் நீண்டதைப் பார்த்தேன். வாயாடியின் கை. அவளுக்குப் பேட்டன் கொண்டு வருகிறவள் எனக்குப் பத்தடி பின்னால் இருந்தாள். வெறுங்கையை வாயாடி இழுத்துக்கொண்டாள். நிஜப் பேட்டன் வந்தபோது கை அங்கே இல்லை. கீழே விழுந்த சத்தம் கேட்டது. எடுத்து ஓடி முடித்தார்கள், எட்டாவது. நாங்கள் ஐந்தாவது. அறுபத்தைந்து, அறுபத்து நான்கு.

மாஸ்டர் என்னைத் தூக்கிச் சுற்றினார். இறக்கிவிடும் முன்பே ஒலிபெருக்கியில் எங்கள் நாட்டின் பெயர் வந்தது. புகார்.

நீண்ட மேசை, பின்னால் மூன்று அதிகாரிகள். மொழிபெயர்க்க ஒரு அம்மா. அந்தப் பக்கம் அவர்கள் பயிற்சியாளரும் வாயாடியும். இந்தப் பக்கம் மாஸ்டரும் நானும். கடைசி ஓட்டத்தில் தசை இழுத்துக்கொண்டதால் நெட்டை அக்கா தொடையைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறையில் கிடந்தாள்.

அவர்கள் பயிற்சியாளர் சொன்னார்: "எங்க வார்த்தை கை. அது தெரிஞ்சே இந்தப் பொண்ணு எங்காளு காதுல கைன்னு கத்தியிருக்கு. ஏமாத்து வேலை."

மாஸ்டர் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? "ஐயா, ரெண்டு நாட்டுக்கும் ஒரே பாஷை. எங்க புள்ளையும் கைன்னுதான் கத்தும், நான்தான் பழக்கினேன். வேணும்னு செய்யல."

அந்த அம்மா அதை மொழிபெயர்த்தார். நடு அதிகாரி எழுதிக்கொண்டார். ஒரே வார்த்தை, அடுத்தடுத்த லேன், நானே கத்தியதாக என் மாஸ்டரே சொல்லியாகிவிட்டது. சுழி போடப் போகிறார்கள் என்று அவர் பேனாவிலேயே தெரிந்தது. தலையைத் தூக்காமல் ஏதோ கேட்டார். "உன் பக்கம் ஏதாவது சொல்லணுமான்னு கேக்குறார்" என்றார் அந்த அம்மா.

எழுந்து நின்றேன். வாய் அசைந்தது. சத்தம் இல்லை. அதே பெஞ்சு, அதே பதிவேடு, அதே குனிந்த தலை. எதிரே வாயாடி. நான் வாயைத் திறந்தால் அவள் வீடு போகும். திறக்காவிட்டால் என்னுடையது. கடவுளே, யாராவது எனக்குப் பதில் சொல்லக் கூடாதா?

"கை இல்ல" என்றேன்.

மாஸ்டர் திரும்பினார்.

"நான் கைன்னு கத்தல. எனக்கு அது வராது. உள்ளேன்னு கத்தினேன்."

"உள்ளேன்னா? எதுக்குள்ள?" என்று அந்த அம்மா விழித்தார். வாயாடிதான் சொன்னாள்: "அட்டெண்டன்ஸுங்க. பேர் கூப்பிட்டா சொல்றது."

அதிகாரி இப்போது தலையைத் தூக்கினார். நீ என்ன கேட்டாய் என்று அவளைக் கேட்டார். "யோசிச்சுச் சொல்லு" என்றார் அவள் பயிற்சியாளர். அவள் தரையையே பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"கைன்னு கேக்கல. சத்தம் கேட்டுச்சு. பயத்துல நீட்டிட்டேன்."

புகார் தள்ளுபடி.

வெளியே வந்ததும் மாஸ்டர், "உள்ளேனாம்! அப்ப நான் சுவத்துக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்கேன்" என்றார். சிரித்தாரா அழுதாரா தெரியவில்லை.

மே 8

அவர்கள் பேருந்து முதலில் கிளம்பியது. வாயாடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். கை அசைக்கலாமா என்று யோசித்தேன். கை! அதை எப்படித் தூக்குவேன் அவளைப் பார்த்து? தூக்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அவள் ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள்.

மே 15

அம்மா போனில் அழுதாள், சந்தோஷத்தில். "கொக்கியே போதும்டி எனக்கு" என்றாள்.

மே 19

வாயாடி எழுதிய எண்ணைச் சுற்றினேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.

ஜூன் 1

காலையில் வார்டன் அம்மா அறை அறையாகப் பெயர் கூப்பிட்டார். என் முறை வந்தது. சொன்னேன். "இவ்வளவு சத்தம் வேண்டாம், காது போகுது" என்றார். சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

வாயாடியின் விடுதியில் இன்று சாவியை வாங்கியிருப்பார்கள். மதியம் வார்டன் அம்மாவின் அறைக்குப் போய் அந்த எண்ணைச் சுற்றினேன். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தார்கள், பேசவில்லை. பின்னால் எதையோ தரையில் இழுக்கும் சத்தம், காலி அறையில் கேட்பது போல.

நான் பேசினேன். மாஸ்டர் சுவரைப் பற்றிச் சொன்னது, நெட்டை அக்காவின் தொடை, என் பள்ளிக்கூடம், முட்டை, எல்லாம். இவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.

கடைசியில் பயமாகிவிட்டது. "இருக்கியா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் கழித்து, மிக மெதுவாக, "உள்ளேன்" என்றாள்.