மூத்தவளின் நிழல் மாதங்கள்

திங்கட்கிழமை

அன்புள்ள கண்ணாடிக்கு,

இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேளை தவறாமல் சண்டையும் போடுகிறோம். அங்கே எப்படி? அண்ணன் ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரை நடந்தார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் அலுவலகத்திலேயே கை தட்டிவிட்டேன். ஏதோ நிதி வந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து தட்டினார். வைத்தியர் சொன்ன பயிற்சியை ஒழுங்காகச் செய்யச் சொல். தங்கை சொன்னாள் என்று சொல், கேட்பார். பெண்டாட்டி பேச்சு எந்தக் காலத்தில் எடுபட்டது?

இனி எழுதப்போவதைப் போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

இந்த வியாழக்கிழமை நிபுணர் குழு கூடுகிறது. நம் செயற்கைக்கோளுக்கு மேற்கொண்டு பணம் கொடுப்பதா, நன்றி சொல்லி மூடிவிடுவதா என்று அன்று தெரிந்துவிடும். ஐந்து வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பினோம், இப்போது பன்னிரண்டாவது வருடம் ஓடுகிறது. அடுத்த கோளைக் கட்ட ஆரம்பித்த நாளில் நீ இவளுக்கு 'மூத்தவள்' என்று பெயர் வைத்தாய் பார், அது பலித்துவிட்டது. வீட்டில் இருப்பதெல்லாம் இளையவளுக்குத்தான். இயக்குநர் போகும்போதும் வரும்போதும், "சின்னதைக் கரையேத்தணும்மா" என்கிறார். இவள் என்ன ஆற்றோடு போகவேண்டியவளா?

விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. நன்றாக இருக்கிறாள் என்று எழுதினால், அப்புறம் இத்தனை ஆள் எதற்கு என்பார்கள். நலிந்துவிட்டாள் என்று எழுதினால், நலிந்தவளுக்குச் செலவு எதற்கு என்பார்கள். அதனால் 'வயதுக்கேற்ற ஆரோக்கியத்துடன்' என்று எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணத் தரகர் தோற்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். சூரியத் தகடுகள் தேய்ந்துவிட்டன, பேட்டரியும் பழையபடி தாங்குவதில்லை. பூமியின் நிழலுக்குள் போய்ப் போய் வரும் அந்த மாதங்களில் இனி மூன்று கருவிகளுக்கும் தீனி போட முடியாது. எதை விடப்போகிறீர்கள் என்றுதான் குழு முதலில் கேட்கும். மின்பிரிவுப் பொறியாளர், அதான் நம் 'மின்சாரம்' (அந்த மனிதர் இன்னும் அதே சட்டை, அதே பேட்டரி வரைபடம்) கணக்குப் போட்டு என் மேசையில் வைத்துவிட்டார். அதிகமாகச் சாப்பிடுவது, உனக்குக் 'கண்ணாடி' என்ற பட்டப்பெயரை வாங்கித் தந்த உன் டெலஸ்கோப். அதை அணைத்தால் மற்ற இரண்டும் பிழைக்கும்.

அது அணைந்தால் உன் பதவியும் அதோடு போகும் என்பது எனக்குத் தெரியாதா? அண்ணனைப் பார்த்துக்கொள்ள நீ எடுத்திருக்கும் நீண்ட விடுப்பே அந்தக் கருவியின் பொறுப்பாளர் என்ற ஒரே ஆணியில்தான் தொங்குகிறது. ஆணியைப் பிடுங்குகிற கை என் கையாக இருக்கப்போகிறதே என்று நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் நாளை காலை ஒரு நாளைக்கு மட்டும் அணைத்துப் பார்க்கிறோம். யாரோ சொல்லி நீ கேள்விப்படக் கூடாது. என்னை நன்றாகத் திட்டு. திட்டியாவது பதில் எழுது.

உன்
தோழி

புதன்கிழமை

அன்புள்ள கண்ணாடிக்கு,

'உன் வேலையை நீ செய்' என்ற ஒற்றை வரி வந்து சேர்ந்தது. திட்டியிருந்தால் தேவலை. பரவாயில்லை, இப்போது நான் சொல்வதைக் கேள். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கின்றன, எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்றுக் காலை உன் டெலஸ்கோப்பை அணைத்தோம். அடுத்த முறை மூத்தவள் தலைக்கு மேல் வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. அதற்கடுத்த முறை எரிபொருள் குழாயின் சூடு இறங்கியிருந்தது. மின்சாரம், "பரவால்ல மேடம், ஹீட்டர் போட்டுக்கும்" என்றார். மூன்றாம் முறை இன்னும் இறங்கியிருந்தது. ஹீட்டர் போட்டுக்கொள்ளவே இல்லை. மாற்று ஹீட்டருக்கும் கட்டளை அனுப்பினோம், அதிலும் மூச்சுப் பேச்சில்லை. மனிதர் கொண்டுவந்த சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய் உறைந்து வெடித்தால் குழுவும் வேண்டாம், விண்ணப்பமும் வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். உடனே டெலஸ்கோப்பைப் போடச் சொன்னேன். மறுபடி அவள் எங்கள் பக்கம் வரும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை.

வந்தாள். குழாய் மெல்லச் சூடேறியிருந்தது.

என்ன நடந்திருக்கிறது, புரிகிறதா? அந்த இரண்டு ஹீட்டரும் எப்போதோ செத்துவிட்டன. குழாய் குளிர்ந்தால்தான் அவை வேலை செய்யவேண்டும். பக்கத்தில் உன் டெலஸ்கோப் பெட்டி சுடச்சுட உட்கார்ந்திருந்ததால் குழாய் குளிரவே இல்லை. குழாய் சூடாக இருக்கிறது, ஆகவே ஹீட்டர் நலம் என்று நாமும் வருடா வருடம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். படித்தவர்கள் பத்துப் பேர்! அடுப்பை எட்டிப் பார்க்காமல், சோறு சூடாக இருக்கிறது, அடுப்பு எரிகிறது என்று சொன்ன கதை.

ஆகவே உன் கருவியை அணைக்க முடியாது. ஆனால் மின்சாரப் பற்றாக்குறை அப்படியேதான் இருக்கிறது. மின்சாரம் தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார்: "நிழல் மாசத்துல மட்டும் அது டெலஸ்கோப்பா இருக்கவேணாம் மேடம். மூடியைச் சாத்திட்டு சும்மா சூடா இருந்தாப் போதும். குளிர்காயறதுக்கு." எனக்குச் சுருக்கென்றது. நட்சத்திரம் வெடிப்பதைப் பார்க்க நீ ஏழு வருடம் இழைத்து இழைத்துச் செய்ததைக் கணப்புச் சட்டியாக்குவதா என்று அவர் மேல் பாய்ந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? யோசித்தால் அதுதான் வழி. வெயில் மாதங்கள் வந்ததும் மூடியைத் திறந்து அது பாட்டுக்கு வானத்தைப் பார்க்கட்டும்.

ஆனால் எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் அதை உயிரோடு வைத்திருக்கலாம், எதை நிறுத்தலாம், எதைத் தொடவே கூடாது? இங்கே யாருக்கும் தெரியாது. உன் கோபத்தை வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டு, நாளை குழு கூடுவதற்குள் எழுதி அனுப்பு. மூத்தவளுக்காகக் கேட்கிறேன். எனக்காகவும்தான்.

உன்
தோழி

வெள்ளிக்கிழமை

அன்புள்ள கண்ணாடிக்கு,

நீ பக்கம் பக்கமாக எழுதியது கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க வசவு. படிக்கப் படிக்க வயிறு குளிர்ந்தது. மீதிப் பக்கங்களை மின்சாரத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இவங்களுக்கு அதோட வயித்துவலி வரைக்கும் தெரியுது மேடம்" என்றார். இவ்வளவு குறைக்கலாம் என்று அவருக்கும் கனவில்கூடத் தோன்றவில்லையாம்.

நேற்றுக் குழு. ஒரு நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைவி ஒரு மெலிந்த அம்மா, சிரிக்கவே மாட்டேன் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்து வந்தவர். முதல் கேள்வியே, "அது நல்லா இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க." இயக்குநர் தொண்டையைக் கனைத்தார், எனக்கான எச்சரிக்கை அது. 'வயதுக்கேற்ற ஆரோக்கியத்துடன்' என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். தெரியாது என்றேன். ஹீட்டர் செத்ததையும், எங்களுக்கே அது தெரியாமல் போனதையும், உன் டெலஸ்கோப் கேட்காமலே குழாயைக் காப்பாற்றி வந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். இன்னும் எது எதன் தயவில் ஓடுகிறது என்று பார்க்கத்தான் பணம் கேட்கிறோம் என்றும் சொன்னேன். இயக்குநர் என்னைப் பார்த்த பார்வையில் குழாய் உறைந்திருக்கும்.

அந்த அம்மா வெகுநேரம் உன் பக்கங்களைப் புரட்டினார். இதை எழுதியவர் எங்கே என்று கேட்டார். தூரத்தில் இருக்கிறார், கணவருக்கு விபத்து, விடுப்பு என்றேன். கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். திரும்பக் கூப்பிட்டபோது இரண்டு வருடம் என்றார்கள். கேட்டதில் பாதிதான், ஆனாலும் கண்ணாடி, இரண்டு வருடம்! மின்சாரம் நாற்காலியிலேயே அழுதுவிட்டார். நானும்தான், எனக்கென்ன.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். நிழல் மாதங்களில் அந்தக் கருவியை அறிந்தவர் கட்டுப்பாட்டு அறையில் இருக்கவேண்டும். தொலைவிலிருந்து பார்த்துக்கொள்வது ஆகாது. இல்லையென்றால் அனுமதி ரத்து. நான் கேட்டு வாங்கிய நிபந்தனை இல்லை. போடாமல் இருந்திருந்தால் நானே கேட்டிருப்பேன், அது வேறு. டெலஸ்கோப்பைத் திறக்கவோ மூடவோ அணைக்கவோ இனி உன் உத்தரவு வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்தக் கருவி விஷயத்தில் இனி என் அதிகாரம் செல்லாது.

நிழல் தொடங்க இன்னும் பத்து வாரம் இருக்கிறது. அண்ணன் அதற்குள் பயணம் செய்யலாமா என்று வைத்தியரைக் கேள். முடியாது என்றால் முடியாதுதான். மனிதரைவிட எந்தக் கோளும் பெரிதில்லை. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். மூத்தவளை நானே கும்பிட்டு வழியனுப்பி வைப்பேன்.

ஆனால் வைத்தியர் சரி என்று சொன்னால், ஒரு விஷயம் சொல்கிறேன். இன்று காலை அலுவலகத்துக்குப் பின் தெருவில் ஒரு வீடு பார்த்தேன். தரைத்தளம், வாசலில் ஒரு படிகூட இல்லை. குளியலறையில் சுவரோடு கைப்பிடி போட்டிருக்கிறார்கள், அண்ணன் பிடித்துக்கொள்ள வசதி. நானே கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் காலை இழுத்து இழுத்து நடந்து பார்த்தேன். சொந்தக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். செவ்வாய்க்கிழமைக்குள் சொல்வதாகச் சொல்லி, வேறு யாருக்கும் காட்டவேண்டாம் என்று சாவியைக் கையோடு வாங்கி வந்துவிட்டேன்.

அண்ணன் நன்றாக நடக்கட்டும். நீங்கள் இருவரும் நன்றாக இருங்கள். நல்ல சேதியாகச் சொல், சீக்கிரம் சொல்.

சாவியோடு காத்திருக்கும்
தோழி